இடது பக்கத்துச் சத்தம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காரில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டியது நான். கார் என்னுடையது. இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. மரக்காணத்தில் யார் கூப்பிட்டாலும் ஓட்டுவேன். அதுதான் பிழைப்பு.

என் பக்கத்தில் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் என்ஜினை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். அந்த என்ஜின் அவர் காதை வாங்கிக்கொண்டது. கத்திச் சொன்னால் பாதி கேட்கும்.

பின்சீட்டில், இடது ஜன்னலோரம், அக்கா. அவளுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பாண்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நாலு மணி நேரம் மிஷினோடு கிடப்பாள். மூன்று வருஷமாக நான்தான் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறேன்.

அவ்வளவுதான். மூன்று பேர்.

திரும்பி வரும்போது அனுமந்தை தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். அக்கா சொன்னாள்.

"பின்னால எதோ தட்டுது."

எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, காற்று இரைந்தது. அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு ஓட்டினேன். அடுத்த வேகத்தடையிலும் சொன்னாள். அதற்கடுத்த பள்ளத்திலும் சொன்னாள். மிஷினிலிருந்து இறங்கினால் அவள் பேச மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வருவாள். அன்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

மாமாவிடம் கத்திக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"காதுல கேக்கல மச்சான். உக்கார்ற எடத்துல கேக்குது."

அக்கா சிரிக்கவில்லை.

ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்தேன். பின்னால் தட்டினால் முதலில் பார்க்க வேண்டியது ஜாக்கி. அது சாக்கில் சுற்றி, கட்டியபடியே இருந்தது. ஸ்டெப்னி இறுக்கமாக இருந்தது. தண்ணீர்க் கேனையும் ஸ்பானரையும் எடுத்து முன்னால் மாமாவின் காலடியில் வைத்தேன். இப்போது பின்னால் தட்ட எதுவும் இல்லை. கிளம்பினோம்.

"தட்டுது," என்றாள் அக்கா.

வீடு வரும்வரை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். இறங்கும்போது, நிறுத்திப் பார்த்த பிறகு மட்டும் பதினேழு தடவை தட்டியது என்று சொன்னாள். ஒவ்வொரு தட்டும் முதுகில் விழுகிறதாம்.

மறுநாள் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். கூனிமேடு வரை எல்லா வேகத்தடையிலும் ஏறினேன். ஜன்னலை மூடினேன். ரேடியோவை நிறுத்தினேன். வேகமாகப் போய்ப் பார்த்தேன், மெதுவாகவும் போய்ப் பார்த்தேன். மண் ரோட்டில் இறக்கி ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. காரின் மேல் இல்லை, அக்காவின் மேல்.

காரணம் இருக்கிறது. போன ஆடி மாதத்திலிருந்து அவள் போதும் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். கோபமாக இல்லை, அழவும் இல்லை. சோறு போடும்போது போதும் என்று சொல்வது மாதிரிதான். நாலு மணி நேரம் மிஷின், போக வர இரண்டரை மணி நேரம் கார், மறுநாள் முழுக்கப் படுக்கை. எழுந்து உட்கார்ந்தால் அடுத்த முறை வந்துவிடும். இதுக்குப் பேரு உசுரோட இருக்கறதா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறாள். மாமாவுக்குக் கேட்கவில்லை. கேட்காத மாதிரி இருந்தாரோ என்னவோ.

ஒருமுறை நின்றால் அவள் முழுக்க நின்றுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஒரு நாள் விடாமல் உப்பளத்துக்குப் போனாள். ஒரு நாள் நின்றாள். அதோடு போகவில்லை. அவள் குணம் அது.

அம்மா செத்தபோது எனக்கு ஐந்து வயசு, அக்காவுக்குப் பதினாலு. அவள் உப்பு வாரப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன். ஆறாவதோடு நின்றுவிட்டேன். அதில் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இதை எழுதுவது தெரிந்தால், ஏழாவதும் படிச்சிருந்தா நல்லா எழுதியிருப்ப என்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். காலையில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"வர வேணாம். வண்டி தட்டுது," என்றாள்.

நான் ஓட்டிப் பார்த்தேன், தட்டவில்லை என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்றனா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதில் மாதிரி ஆகிவிட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள். என்னை மாதிரி கார் ஓட்டுகிற வேறு ஆளிடம் வண்டி கேட்கிறேன் என்று வாசலில் நின்றே சொன்னேன். வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்று உள்ளே இருந்து சொன்னாள். பஸ்ஸில் அவளால் முடியாது. திரும்பும்போது வாந்தி வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் எப்போதும் போல் கொண்டுபோய் நிறுத்தினேன். அரை மணி நேரம் நின்றேன். அவள் வெளியே வரவில்லை. மாமா மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரித் தயாராக வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

மூன்று வருஷத்தில் விட்டது அந்த ஒரு முறைதான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவரவர் முறைக்குத்தான் படுக்கை, செவ்வாய்க்கிழமை வாருங்கள், அதற்குள் மூச்சு வாங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். தண்ணீர் ஒரு டம்ளருக்கு மேல் கூடாது என்றார்கள். செவ்வாயும் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.  தவற விடாதீங்க என்று மட்டும் போனில் பேசிய பெண் சொன்னாள்.

சனிக்கிழமை கோட்டக்குப்பத்துக்குப் போனேன். அங்கே ரோட்டோரம் ஒரு பாய் ஷெட் வைத்திருக்கிறார். வளைகுடாவில் பதினைந்து வருஷம் கார் வேலை செய்தவர். அதிகம் பேச மாட்டார். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

பின்னால் தட்டுகிறது, எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

"கேக்காத சத்தத்த எப்படிப்பா ரிப்பேர் பண்றது?" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் கேட்கவில்லை. டிக்கி மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கி விட்டார். கார் ஒருமுறை எழும்பி நின்றது. இடது பக்கம், வலது பக்கம் இரண்டிலும் அப்படியே செய்தார். பிறகு பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பேரிங் சரி. சைலன்ஸரை உலுக்கினார். அதைத் தாங்கும் ரப்பர் சரி. கம்பியை விட்டு, மூட்டுகளில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷையும் நெம்பிப் பார்த்தார். அதுவும் சரி. பிரேக் டிரம்மைக் கழற்றிக்கூடப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை.

 அக்கா சும்மா சொன்னாள் என்றே ஆகிவிட்டது. சத்தம் இருந்தால் சரி செய்யலாம். இல்லாத சத்தத்தை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளை என்ன செய்வது?

பாய் டீ சொன்னார். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"சத்தம் கேட்டது யாருக்கு?"

அக்காவுக்கு என்றேன்.

"எங்க உக்காந்திருந்தாங்க?"

பின்னால், இடது பக்கம் என்றேன்.

"நீ தனியா ஓட்டிப் பாத்த. நானும் தனியா ஓட்டிப் பாத்தேன். ரெண்டு பேரும் முன்னால உக்காந்திருக்கறோம். பின்னால வெயிட்டே இல்லியேப்பா. போய் அவங்க எடத்துல உக்காரு."

அக்கா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாக அது என் கார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. கால் நீட்ட இடம் போதவில்லை. மாமா தன் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். மூன்று வருஷம் அவள் இப்படி மடங்கித்தான் வந்திருக்கிறாள்.

பாய் ஓட்டினார். பள்ளிவாசல் தாண்டி முதல் வேகத்தடை.

டொக்.

இரும்பு மேல் இரும்பு இடிக்கிற சத்தம். முதுகுக்குப் பின்னால், இடது தோளுக்கு நேராக. பெரிதாக இல்லை, ஆனால் எலும்பில் படுகிறது. அடுத்ததிலும் கேட்டது. அதற்கடுத்ததிலும் கேட்டது.

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கேக்குதா என்றார். கேட்கிறது என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

அக்கா பொய் சொல்லவில்லை. நான் வாசலில் நின்று பதில் சொல்லாமல் இருந்தது ஞாபகம் வந்தது.

சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று இன்னும் தெரியாது. அதற்கு டிக்கிக்குள் ஒரு ஆள் வேண்டும் என்றார் பாய். அவருக்கு உடம்பு பெரியது. நான் ஏறினேன். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தேன். மூடியை ஒரு சாண் திறந்தாற்போல் விட்டுக் கயிற்றால் கட்டினார். கையால் தொட்டுக்கொண்டே வா, எங்கே உதறுகிறதோ அங்கே பிடித்துக்கொள் என்றார். பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றினார்.

கார் நகர்ந்தது. பெட்ரோல் வாசனை. அதோடு வேறு ஒரு வாசனையும் இருந்தது, ஈரத் துணி வாசனை. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

டிக்கியின் இடது ஓரத்தில் அட்டையால் ஒரு மறைப்பு இருக்கும். அதற்குப் பின்னால்தான் சக்கரத்துக்கு மேலே கவிழ்த்த சட்டி மாதிரி தகடு. ஷாக் அப்சார்பரின் தலை அந்தத் தகட்டில்தான் நிற்கிறது. அட்டைக்கு மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதில் கையை விட்டேன்.

வேகத்தடை வந்தது. உள்ளங்கையில் இடித்தது.

பிடித்துவிட்டேன் என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தவில்லை. கையில் துணி பட்டது. ஈரமாக, உருண்டையாக, ஒரு முடிச்சு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

ஷெட்டுக்கு வந்து பாய் அட்டையைக் கழற்றினார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். பழைய சேலைத் துணியில் கட்டிய சின்ன மூட்டைகள், எலுமிச்சம்பழ அளவு. அடியில் இருந்தவை துரு ஏறிக் கறுப்பாகிவிட்டன. மேலே இருந்தவற்றில் இன்னும் நிறம் தெரிந்தது. ஒன்றைப் பிரித்தார். உப்பு. கல் உப்பு, பாதி கரைந்து கசிந்துகொண்டிருந்தது.

பதினொன்று இருந்தது.

அவை இருந்த இடத்தில் தகடு வெறும் துருவாக இருந்தது. பாய் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. மூன்று போல்ட்டில் ஒன்றுதான் இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் வெடிப்பு திறந்து தட்டுகிறது. ஆள் இல்லாவிட்டால் சும்மா இருக்கிறது.

"இந்தப் பக்கத்து வண்டிங்க எல்லாம் அடியில இருந்துதான் அரிக்கும்," என்றார். "கடல் காத்து, உப்பு லாரி ரோட்டுல சிந்துற தண்ணி. இது மேல இருந்து கீழ அரிச்சிருக்குது. நான் பாத்ததே இல்ல."

இன்னும் ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரின் தலை தகட்டைப் பிய்த்துக்கொண்டு டிக்கிக்குள் வந்திருக்கும். வேகத்தில் போகும்போது என்றால் கார் இடது பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். அக்கா உட்காருகிற பக்கம்.

யார் வைத்தது என்று பாய் கேட்டார். தெரியாது என்றேன். அவர் முடிச்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்டுப் பொம்பளைங்க வேலை. எங்க வீட்டுல ஓதித் தாயத்து கட்டுவாங்க. அது இரும்பத் திங்காது."

தெரியாது என்று நான் சொன்னது பொய். துணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பச்சையில் மஞ்சள் கட்டம் போட்டது, என் கல்யாணத்துக்கு அக்கா கட்டிய சேலை. ஊதா, அவள் உப்பளத்துக்குக் கட்டிப்போய் வெளுத்தது. வாயை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகுகிற அந்த முடிச்சு உப்பளத்துப் பெண்கள் போடுவது.

தை கழிந்து பாத்தியில் முதல் உப்பு வாரும் நாளில் கற்பூரம் கொளுத்துவார்கள். வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கை உப்பு எடுத்துக்கொள்ளலாம். அதைப் பழைய துணியில் முடிந்து, காக்க வேண்டிய பொருளில் வைப்பார்கள். அரிசிப் பானை, மாட்டுக் கொட்டகை, படகு, எதுவானாலும் சரி. பொருளுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பலிக்காது.

கார் வந்து பதினோரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அக்கா வண்டியைக் கொண்டு வரச் சொல்வாள். துடைத்துத் தருகிறேன் என்பாள். நான் மாமாவோடு டீ குடித்துக்கொண்டிருப்பேன். அவள் வாளியோடு காரைச் சுற்றி வருவாள். வேலையை விட்ட பிறகும், நிற்க முடியாதபோதும், துடைத்தாள். உப்பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வாங்கியிருப்பாள்.

உப்பளத்தில் இரும்பு நிற்காது. உப்பு வாருகிற பலகை மரம். கடப்பாரையை வரப்பில் மறந்துவிட்டுப் போனால் அடுத்த சீசனுக்குக் கையில் உதிரும். இது என்னைவிட அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் வைத்திருக்கிறாள். வேலை செய்கிற உப்பு வேறு, முதல் உப்பு வேறு என்று நினைத்திருப்பாள்.

பாய் கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்றார். திங்கள் சாயங்காலம் தருகிறேன் என்றார். செவ்வாய் காலை ஆஸ்பத்திரி என்றேன். அதற்காகத்தான் திங்கள் என்கிறேன் என்றார்.

பதினொன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கழுவேலிப் பாலம் வந்தால் இறங்கிக் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். பாலம் வந்தது. இறங்கவில்லை. கவர் ஓட்டை போலிருக்கிறது, மடியெல்லாம் உப்புத் தண்ணீர். பக்கத்தில் இருந்த ஆள் நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் கொண்டுவந்து கூரை ஷீட்டின் மேல் வைத்தேன்.

அக்காவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். போதும் என்பவளிடம், உன் கையால்தான் வண்டி போனது என்று சொன்னால் பிறகு அவளை எதில் ஏற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். முகம் வீங்கியிருந்தது. கண் சின்னதாகியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். மாமா விசிறிக்கொண்டிருந்தார். அவசரப் பிரிவுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

வண்டி தட்டியது நிஜம்தான் என்றேன். நீ சொன்னது சரி, நான் நம்பாதது தப்பு என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புஷ் தேய்ந்திருந்தது, மாற்றுகிறார்கள், செவ்வாய்க்கிழமை போகிறோம் என்றேன்.

"எந்தப் பக்கத்து புஷ்ஷு?" என்று கேட்டாள்.

இடது என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய் காலை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமா வெள்ளைச் சட்டையோடு வந்தார். இந்த முறை அவர் முதலில் ஏறவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

அவள் கதவுக்குப் போகவில்லை, பின்பக்கம் போனாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.

திறந்தேன். பாய் அட்டையைப் புதிதாக வெட்டிப் போட்டு நாலு ஸ்க்ரூ அடித்திருந்தார். மேலே சந்து இல்லை. அக்கா விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். நுழைய இடம் இல்லை.

"எத்தன எடுத்தீங்க?"

புஷ் என்று ஆரம்பித்தேன்.

"டேய். எத்தன?"

"பதினொண்ணு."

டிக்கி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு சத்தமாக வந்தது.

"என் கையாலயே அரிக்க வச்சிருக்கறேன். அதுல ஏறி உக்கார என்னால ஆவாதுப்பா."

ஒன்றும் ஆகவில்லை, புதுத் தகடு போட்டாயிற்று, முன்பைவிடக் கெட்டி என்றேன். அவள் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எட்டரைக்குப் படுக்கை. தாண்டினால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"என்னா, மறுபடியும் தட்டுதா?" என்றார் மாமா.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நான் வச்சது பன்னெண்டு," என்றாள் அக்கா. "இன்னொண்ணு உள்ள இருக்குது. அதையும் எடுத்துப் போட்டுட்டு நீ சவாரிக்குப் போ. நான் வரல."

எங்கே என்று கேட்டேன். தான் உட்காரும் இடத்தைக் காட்டினாள். பின்சீட்டைத் தூக்கினேன். இடது மூலையில், கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்தது. சிவப்புத் துணி. அவள் ஆஸ்பத்திரிக்குக் கட்டி வருகிற சேலையின் முந்தானை ஓரம். புதுசு, இந்த வருஷத்தது. இன்னும் அதிகம் கசியவில்லை. அடியில் தகட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு மட்டும் பழுப்பு ஏறியிருந்தது.

"இந்த வருஷம் எதுக்கு ரெண்டு?"

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"அது உனக்கு இல்ல. எனக்கு வச்சிக்கினேன்."

முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போதும் என்று அவள் சொல்ல ஆரம்பித்தது ஆடியில். இது தை கழிந்து எடுத்த உப்பு. அதற்கு அப்புறம் வைத்தது.

இதை எடுத்துப் போட்டால் அவளுக்கென்று இருந்தது போகிறது. உள்ளேயே விட்டால் அவள் ஏற மாட்டாள். எனக்கு அதிகம் யோசிக்கத் தெரியாது. மாமா தூக்கி வந்த அவள் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக், திருகு மூடி. மாத்திரையை ஒரு கவரில் கொட்டி மாமாவிடம் கொடுத்தேன். முடிச்சை டப்பாவுக்குள் திணித்து மூடியை இறுக்கினேன். குலுக்கிக் காட்டினேன்.

"இனிமே இது இரும்பத் தொடாது."

"அதான் நீ பாத்துட்டியே. பலிக்காது."

"நான் பாத்தா என்ன? இது உன் உசுருக்கு வச்சது. சொந்தக்காரி நீ. நீ பாத்துக்கினே வச்சா எப்படிப் பலிக்கும்? முப்பது வருஷம் உப்பு வாரின, இது தெரியாதா? இப்ப நான் வைக்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பு."

அவள் என்னைப் பார்த்தாள். வீங்கின முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"ஆறாவது படிச்ச புத்தி," என்றாள்.

திரும்பினாள். மாமாவையும் தோளைப் பிடித்துத் திருப்பினேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் உப்பளத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நான் காருக்குள் தலையை விட்டேன்.

எங்கே வைத்தேன் என்று இங்கே எழுதவில்லை. யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள்.

மாமாவின் சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளினேன். அக்கா ஏறினாள். காலை நீட்டினாள்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். ஜன்னலை மூடியிருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூன்று பேரும் பேச்சில்லாமல் கேட்டோம், கேட்காத மாமாவும் சேர்த்து. தட்டவில்லை. கேட்டது அக்காவின் மூச்சு மட்டும்தான். அனுமந்தையில் ஒருமுறை ரொம்ப இழுத்தது. நிறுத்தட்டுமா என்றேன். ஓட்டு என்று கையைக் காட்டினாள். கூனிமேட்டுக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடினால் எனக்கு முன்பெல்லாம் நிம்மதி. அன்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எட்டு இருபதுக்கு நிறுத்தினேன். சக்கர நாற்காலி எடுத்து வந்தேன். உட்கார வைத்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"எங்க வச்ச?"

சொல்ல மாட்டேன் என்றேன்.

"சரி. இப்ப வண்டியில எத்தன இருக்குது? அதையாவது சொல்லு."

"ஒண்ணு."